இரண்டு சென்டிமீட்டர் விழுங்கும் ஒரு மூட்டை சிமெண்டு
வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய கான்கிரீட் தளம் போட எவ்வளவு பொருள் வேண்டும்? கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும் சேர்ந்து சொல்லும் பதில்

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். சுங்கை பட்டாணி தாமானாக இருக்கட்டும், பீடோங் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பாக இருக்கட்டும், சமையலறைக் கதவைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு துண்டு மண்தரை இருக்கும். மழை பெய்தால் சேறு. துணி காயப்போடப் போகும் அம்மாவின் செருப்பு வழுக்கும். தீபாவளிக்குப் பெரிய அடுப்பு வைத்துச் சமைக்க நல்ல இடம் இருக்காது. “இங்கே ஒரு சிமெண்டுத் தரை போட்டால் என்ன?” என்ற பேச்சு வீட்டில் பல முறை வந்திருக்கும்.

ஒருநாள் அப்பா முடிவெடுக்கிறார். சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் உதவிக்கு வருகிறார்கள். ஹார்ட்வேர் கடைக்குப் போனதும் தவுக்கே கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “எத்தனை மூட்டை வேணும்?”

“ஒரு நாலு மூட்டை போதும்” என்று சித்தப்பா குத்துமதிப்பாகச் சொல்வார். “இல்லை, எட்டு வாங்கிவிடலாம்” என்பார் அண்ணன். நாலு வாங்கினால் வேலை பாதியில் நிற்கும். எட்டு வாங்கினால் மீந்த மூட்டைகள் நம் ஊர் ஈரக்காற்றில் சில மாதங்களில் கட்டியாகிவிடும். இரண்டிலும் நட்டம் வீட்டுக்குத்தான்.

இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லலாம். தமிழ்ப்பள்ளியில் ‘கன அளவு’ என்றும் இடைநிலைப்பள்ளியில் ‘இசிபாடு’ என்றும் படித்த அதே பாடம் போதும்.

செங்கல்லும் கான்கிரீட்டும் ஒன்றல்ல

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வோம். கெடாவின் மெர்போக் பகுதியில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன் கோயில் கட்டியவர்கள் செங்கல், செம்புரைக்கல், கருங்கல் ஆகியவற்றை அடுக்கிக் கட்டினார்கள். அடுக்கிக் கட்டும் வேலையில் கல் தீர்ந்துபோனால் வேலையை நிறுத்திவிட்டு, மறுநாள் கல் கொண்டுவந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கான்கிரீட்டில் அது முடியாது. சிமெண்டில் தண்ணீர் பட்ட கணத்திலிருந்து வேதிவினை தொடங்கிவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கலவையைக் கொட்டிச் சமப்படுத்திவிடுவது நல்லது. பாதித் தளம் இறுகியபின் மறுபாதியைக் கொட்டினால் இரண்டும் ஒரே கல்லாகச் சேராது. சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். தண்ணீர் இறங்குவதும் வெடிப்பு தொடங்குவதும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். அதனால்தான் கான்கிரீட்டுக்குக் கணக்கு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

நீளம், அகலம், தடிமன்

எடுத்துக்காட்டுக்கு ஒரு தளத்தை வைத்துக்கொள்வோம். நீளம் 3 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். ஆட்கள் நடமாட, துணி துவைக்க, மோட்டார் சைக்கிள் நிறுத்த 10 சென்டிமீட்டர் தடிமன் போதும். கார் நிறுத்துவதாக இருந்தால் இன்னும் தடிமனும் வலுவும் வேண்டும். அதை அனுபவமுள்ள கொத்தனாரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

தளம் என்பது படுக்கவைத்த கனச்செவ்வகம். எல்லா அளவையும் மீட்டருக்கு மாற்றிப் பெருக்குவோம்.

3 × 2.4 × 0.10 = 0.72 கன மீட்டர்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். 10 சென்டிமீட்டரை 0.1 மீட்டர் என்று மாற்ற மறந்தால் விடை நூறு மடங்காகிவிடும்.

கலக்கும்போது கொஞ்சம் சிந்தும். மண்வெட்டியிலும் தள்ளுவண்டியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதற்காக 10 விழுக்காடு சேர்ப்பது வழக்கம். 0.72-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 0.792 கன மீட்டர். இதுதான் நமக்குத் தேவையான கலவை.

கல்லுக்குள் ஒளிந்திருக்கும் காலி இடம்

இப்போது சமையலறைக்குப் போய் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு குவளை கொண்டைக்கடலை, அதே குவளையால் ஒரு குவளை ரவை. இரண்டையும் ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கிவிட்டு, மறுபடி குவளையால் அளந்து பாருங்கள். இரண்டு குவளை வராது. ரவை கடலைகளுக்கு இடையிலிருந்த காலி இடத்தில் புகுந்துகொண்டிருக்கும்.

கான்கிரீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஜல்லிக் கற்களுக்கு இடையில் மணல் புகுகிறது. மணல் துகள்களுக்கு இடையில் சிமெண்டுப் பசை புகுகிறது. ஆகவே உலர்ந்த பொருள்களின் மொத்த அளவு, கலந்தபின் கிடைக்கும் அளவைவிட அதிகமாக இருக்க வேண்டும். கட்டுமானத் துறையினர் நடைமுறைக் கணக்காக 1.54 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள்.

0.792 × 1.54 = ஏறக்குறைய 1.22 கன மீட்டர் உலர் பொருள்.

இனி விகிதம். சாதாரண வீட்டுத் தளத்துக்கு நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள கலவை 1 : 2 : 4. ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. மொத்தம் ஏழு பங்கு.

சிமெண்டு: 1.22 ÷ 7 = 0.174 கன மீட்டர்
மணல்: அதன் இரு மடங்கு, ஏறக்குறைய 0.35 கன மீட்டர்
ஜல்லி: அதன் நான்கு மடங்கு, ஏறக்குறைய 0.70 கன மீட்டர்

ஒரு கன மீட்டர் சிமெண்டுத் தூளின் எடை சுமார் 1,440 கிலோ. 0.174-ஐ அதனால் பெருக்கினால் ஏறக்குறைய 250 கிலோ. நம் நாட்டுக் கடைகளில் சிமெண்டு பெரும்பாலும் 50 கிலோ மூட்டையில் வருகிறது. 250-ஐ 50-ஆல் வகுத்தால் 5 மூட்டை.

சித்தப்பா சொன்ன நாலும் தவறு. அண்ணன் சொன்ன எட்டும் தவறு.

ஜல்லி வாங்கும்போது 20 மில்லிமீட்டர் அளவைக் கேளுங்கள். மலாய் பேசும் கடைகளில் அதை ‘பத்து தீகா சுக்கு’ என்பார்கள். முக்கால் அங்குலக் கல் என்று பொருள்.

தடிமன் தான் திருடன்

இந்தக் கணக்கில் எந்த அளவு தவறினால் அதிகச் சேதம்? யோசித்துப் பாருங்கள். நீளத்தில் 2 சென்டிமீட்டர் தவறினால், 300-இல் 2. அது ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் தடிமனில் 2 சென்டிமீட்டர் தவறினால், 10-இல் 2. அதாவது 20 விழுக்காடு!

மண்ணைச் சமப்படுத்தும்போது 2 சென்டிமீட்டர் கூடுதலாகத் தோண்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

3 × 2.4 × 0.02 = 0.144 கன மீட்டர். 10 விழுக்காடு சேர்த்தால் 0.158.

நம் கலவையில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 317 கிலோ சிமெண்டு போகிறது. 0.158-ஐ 317-ஆல் பெருக்கினால் 50 கிலோ. ஒரு முழு மூட்டை!

அதனால் பலகைகளைச் சட்டமாக அடித்தபின், இரண்டு எதிர்ப் பலகைகளின் மேல் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். கயிற்றிலிருந்து மண் வரை குறைந்தது பத்து இடங்களில் அளந்து எழுதுங்கள். பத்து எண்களின் சராசரிதான் உண்மையான தடிமன். அந்த எண்ணை வைத்து மறுபடி பெருக்குங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கப் பித்தகோரஸ் உதவுவார். 3-இன் வர்க்கம் 9, 2.4-இன் வர்க்கம் 5.76. கூட்டினால் 14.76. அதன் வர்க்கமூலம் 3.84. இரண்டு மூலைவிட்டங்களும் 3.84 மீட்டர் வந்தால் மூலைகள் செங்கோணம்.

தோட்டத்து மண், கடலோர மண்

தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தாங்குவது மண்தான். கெடாவில் எல்லா இடத்து மண்ணும் ஒன்றல்ல. அலோர் ஸ்டாரைச் சுற்றிய நெல்வயல் சமவெளியின் அடியில் மென்மையான கடல் களிமண் இருக்கிறது. அது சுமை ஏறினால் மெல்ல அமுங்கும். உள்நாட்டில் கூலிம், பாடாங் செராய், குரூண் பக்கம் போனால் மேட்டு நிலச் செம்மண்ணைப் பார்க்கலாம். அது பொதுவாக நன்றாக இறுகும்.

ஆனால் அங்கே வேறொரு சிக்கல் உண்டு. சுங்கை பட்டாணியைச் சுற்றி இன்று தாமான்களாக இருக்கும் பல இடங்கள் முன்பு ரப்பர் தோட்டங்கள். மரத்தை வெட்டினாலும் தடித்த வேர்கள் மண்ணுக்குள் கிடந்திருக்கலாம். வேர் மக்கியதும் அந்த இடம் வெற்றிடமாகும். அதன்மேல் போட்ட தளம் கீழே தாங்கல் இல்லாமல் வெடிக்கும். எனவே மேல்மண்ணையும் புல்லையும் வேரையும் அகற்றுங்கள். பள்ளம் தெரிந்தால் கல் போட்டு நிரப்புங்கள். 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை உடைகல் பரப்பி, நன்றாக இடித்து இறுக்குங்கள். இந்தக் கல் அடுக்கு நாம் கணக்கிட்ட 10 சென்டிமீட்டரில் சேராது. அதற்குத் தனியாகத் தோண்ட வேண்டும்.

தோண்டும் முன் பெரியவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எதுவும் அடியில் போகிறதா? பின்சந்து ஒதுக்கீட்டு நிலத்துக்குள் தளம் நீள்கிறதா? ஐயம் இருந்தால் உங்கள் வட்டார நகராண்மைக் கழகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் எங்கே போகும்?

தளத்தை முழுச் சமமாகப் போட்டுவிடாதீர்கள். மழைநீர் தேங்கும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தச் சிறு தேக்கமே போதும். முட்டை வளர்ந்த கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகும். வீட்டு வசதிக்காகப் போட்ட தளம் கொசு வளர்க்கும் இடமாகிவிடக் கூடாது.

ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு போதும். 2.4 மீட்டர் அகலத்துக்கு 2.4 சென்டிமீட்டர். சரிவு கால்வாய்ப் பக்கமாக இருக்க வேண்டும், வீட்டுச் சுவர்ப் பக்கமாக இருக்கக் கூடாது. சரிவை அளக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் போதும். குழாயின் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கொத்தனார்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கேயும் கணக்கு ஒளிந்திருக்கிறது. மண்ணைச் சமமாக விட்டு, மேற்பரப்பை மட்டும் சரித்தால் ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர், மறுபக்கம் 12.4 சென்டிமீட்டர். சராசரி 11.2. இதனால் அரை மூட்டைக்கு மேல் சிமெண்டு கூடும். மண்ணையும் அதே சரிவில் வெட்டினால் தடிமன் எங்கும் 10 ஆகவே இருக்கும். செலவில்லாமல் மிச்சம்.

ஒரு வாளி தண்ணீர் செய்யும் கேடு

பொருள் எல்லாம் வந்துவிட்டது. இனிதான் பெரிய சோதனை. கலவை கெட்டியாக இருக்கிறது, மண்வெட்டி ஓடவில்லை. “கொஞ்சம் தண்ணி ஊத்து” என்ற குரல் கண்டிப்பாக வரும்.

சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. அதனால்தான் கான்கிரீட் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். அந்த வினைக்குச் சிமெண்டு எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர்தான் வேண்டும். கலவையைப் பரப்ப வசதியாக இருக்க நாம் பாதிப் பங்கு வரை சேர்க்கிறோம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் பின்னால் ஆவியாகி, அது இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளையை விட்டுச் செல்லும். துளை கூடக்கூட வலிமை குறையும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆராய்ச்சி செய்த டஃப் ஆப்ரம்ஸ் 1918-இல் இதை விதியாக வெளியிட்டார். சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதமே கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். நம் மூட்டைக்கு 25 லிட்டருக்குப் பதில் 35 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.5-லிருந்து 0.7 ஆகிறது. வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடக்கூடும். காசு கொடுத்து வாங்கிய ஐந்து மூட்டையின் பலனை, காசில்லாத தண்ணீர் கெடுத்துவிடுகிறது!

ஈர மணலின் இரண்டு ஏமாற்றுகள்

முதல்நாள் மாலை மழை பெய்து மணல் நனைந்திருந்தால், அது இரண்டு விதத்தில் நம்மை ஏமாற்றும்.

ஒன்று, அதற்குள் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. நமக்கு வேண்டிய மணல் சுமார் 560 கிலோ. அதில் 5 விழுக்காடு ஈரம் என்றால் 28 லிட்டர் தண்ணீர். ஒரு மூட்டைக்குப் பிரித்தால் 5 லிட்டருக்கு மேல். எனவே ஈர மணலோடு கலக்கும்போது 25 லிட்டருக்குப் பதில் 20 லிட்டரில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

இரண்டு, ஈர மணல் உப்பி நிற்கும். துகள்களைச் சுற்றிய மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றுக்கொன்று தள்ளி நிறுத்துகிறது. அதனால் வாளி நிறைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே மணல் குறைவு. கண்ணாடிப் போத்தலில் ஈர மணலை 12 சென்டிமீட்டர் உயரம் தளர்வாகப் போடுங்கள். பிறகு மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அடங்க விடுங்கள். மணல் மட்டம் 10 சென்டிமீட்டருக்கு இறங்கினால் உப்பல் 20 விழுக்காடு. அப்படியானால் 7 வாளி மணலுக்குப் பதில் 8.4 வாளி அளக்க வேண்டும்.

கடற்கரை மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சோங் டாவாய் பக்கம் இலவசமாகக் கிடக்கிறதே என்று அள்ளி வரக்கூடாது. அதிலுள்ள உப்பு தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அரித்துவிடும்.

கம்பிவலை

சிறு தளத்துக்கும் ‘பி.ஆர்.சி.’ கம்பிவலை போடுவது நம் நாட்டு வழக்கம். கடைகளில் இது பொதுவாக 2.2 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். ஓரத்திலிருந்து கம்பி சற்று உள்ளே இருக்க வேண்டும். எனவே 2.9 மீட்டர் நீளம் வெட்டினால் நம் தளத்துக்குச் சரியாக இருக்கும். பாதி வலையே போதும். மறுபாதிக்கு அக்கம்பக்கத்தில் யாராவது பங்குக்கு வருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வலையை மண்மேல் கிடத்திவிட்டுக் கலவையைக் கொட்டினால் பயனில்லை. சிறு சிமெண்டுக் கட்டிகளின் மேல் தூக்கி வையுங்கள். கான்கிரீட் சுருங்கும்போது வெடிப்பு பெரிதாகாமல் பிடித்துவைப்பதுதான் வலையின் வேலை. கான்கிரீட்டுக்கு உள்ளே இருந்தால்தான் அதனால் பிடிக்க முடியும்.

எந்த நாள், எந்த நேரம்?

கெடாவில் ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். புதிதாகப் போட்ட தளத்தின்மேல் கனமழை பெய்தால் மேற்பரப்புச் சிமெண்டு கழுவிப்போகும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, ஆனால் வெயிலில் தளம் சீக்கிரம் உலர்ந்துவிடும். எப்படியானாலும் காலை 7.30-க்குக் கலக்கத் தொடங்கி 10.30-க்குள் முடிப்பது நல்ல திட்டம். பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? சிமெண்டு 250 கிலோ, மணல் 560, ஜல்லி 1,050, தண்ணீர் 125. மொத்தம் ஏறக்குறைய 2 டன். இரண்டு மைவி கார்களின் எடை! அத்தனையையும் கையால் அள்ளிக் கலந்து கொண்டுபோக வேண்டும். குறைந்தது நான்கு பேர் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஒரு சிறிய கலவை இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். தயார் கலவை லோரி ஒன்று சுமார் 6 கன மீட்டர் சுமக்கும். நம் 0.8 கன மீட்டருக்கு அது தேவையில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரு மூட்டை வீதம் ஐந்து தடவை கலக்குங்கள். ஒரு மூட்டைச் சிமெண்டு ஏறக்குறைய 35 லிட்டர். அதற்கு 10 லிட்டர் வாளியால் 7 வாளி மணல், 14 வாளி ஜல்லி. முதலில் உலர்ந்த நிலையில் நிறம் ஒன்றாகும்வரை கலந்து, பிறகு தண்ணீர்.

இப்போது ஒரு பயனுள்ள உத்தி. 3 மீட்டர் பலகையில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். ஐந்து பகுதிகள் கிடைக்கும். முதல் மூட்டைக் கலவை முதல் கோட்டைச் சற்றே தாண்ட வேண்டும். 50 சென்டிமீட்டரோடு நின்றுவிட்டால், ஐந்து மூட்டையும் 2.5 மீட்டர்தான் போகும் என்று அப்போதே தெரிந்துவிடும். காலை எட்டு மணிக்கே ஒருவரைக் கடைக்கு அனுப்பி ஆறாவது மூட்டையும் அதற்கேற்ற மணலும் கல்லும் வாங்கிவிடலாம். பத்தரை மணிக்குத் தெரிந்து பயனில்லை.

பாதுகாப்பை மறக்காதீர்கள். ஈரச் சிமெண்டு கடுமையான காரம். அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். வெறுங்கையிலும் வெறுங்காலிலும் பட்டால் தோல் வெந்துபோகும். ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, தூளுக்கு முகக்கவசம் எல்லாம் வேண்டும். 50 கிலோ மூட்டையை இருவர் சேர்ந்து தூக்குங்கள். பெரியவர்கள் உடன் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஏழு நாள் தாகம்

வேலை முடிந்தது என்று அன்றே எல்லாரும் போய்விடுவார்கள். ஆனால் தளத்துக்கு இனிமேல்தான் வேலை. வேதிவினை தொடர்ந்து நடக்கத் தண்ணீர் உள்ளேயே இருக்க வேண்டும். ஈரக் கோணியோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு, ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் அண்டை மாநிலமான பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 பாகை வெப்பம் பதிவானது. இந்த வடபகுதி வெயிலில் மூடாமல் விட்ட தளம் முதல்நாளே மேல்வெடிப்பு காணும்.

ஏழு நாளில் வலிமையின் பெரும்பகுதி வந்துவிடும். பொறியியலாளர்கள் கணக்கில் எடுப்பது 28-ஆவது நாள் வலிமையை. ‘கிரேடு 25’ என்றால் அந்த நாளில் ஒரு சதுர மில்லிமீட்டர் 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். பேனா முனை அளவுள்ள இடத்தில் இரண்டரை கிலோ!

இந்த வேதிவினை வெப்பத்தையும் வெளியிடும். நம் சிறு தளத்தில் அது காற்றோடு போய்விடும். ஆனால் 1930-களில் அமெரிக்காவில் ஹூவர் அணையைக் கட்டியபோது, உள்ளே தேங்கும் வெப்பத்தை வெளியேற்றக் கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட்ட வேண்டியிருந்தது.

மிச்சமாவது காசு மட்டுமா?

சிமெண்டு எங்கிருந்து வருகிறது? கெடாவிலேயே, லங்காவித் தீவின் தெலுக் ஏவாவில் ஒரு சிமெண்டு ஆலை இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண் வகைப் பொருள்களையும் அரைத்துச் சுமார் 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால் சிமெண்டுக்கான கட்டிகள் கிடைக்கும். 1824-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் ‘போர்ட்லண்ட் சிமெண்டு’ என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். இன்று நாம் வாங்கும் மூட்டையிலும் அந்தப் பெயர் இருக்கும், தேடிப் பாருங்கள்.

சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. எரிபொருளிலிருந்து வருவது தனி. ஒரு 50 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வாயு காற்றில் சேர்கிறது. உலகில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலின் பங்கு. மணலுக்கும் விலை உண்டு. அளவுக்கு மீறி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழும், கரை சரியும். நம் மூடா ஆறும் இந்தப் பாதிப்பைக் கண்டதுதான்.

ஆகவே, கவனக்குறைவாகத் தோண்டிய அந்த 2 சென்டிமீட்டர் பள்ளத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதில் போவது ஒரு மூட்டைச் சிமெண்டு, அப்பாவின் உழைப்பில் ஒரு பங்கு, ஆற்றின் மணல், 30 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. அதைத் தடுக்கத் தேவைப்பட்டது ஒரு கயிறும் ஓர் அளவுகோலும் பத்து நிமிடமும்தான்.

அடுத்த முறை தவுக்கே “எத்தனை மூட்டை வேணும்?” என்று கேட்கும்போது, பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்கு முன் நீங்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பதில் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

பாட்டி வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு துவைக்கும் தளம் போட வேண்டும். கலவை 1 : 2 : 4. சேதாரம் 10 விழுக்காடு. எத்தனை மூட்டைச் சிமெண்டு வேண்டும்? கீழே உள்ள விடையைப் பார்க்கும் முன் நீங்களே போட்டுப் பாருங்கள்.

விடை: 2 × 2 × 0.1 = 0.4 கன மீட்டர். சேதாரத்தோடு 0.44. உலர் பொருள் 0.678. அதில் ஏழில் ஒரு பங்கு 0.097 கன மீட்டர் சிமெண்டு. எடை ஏறக்குறைய 139 கிலோ. 50-ஆல் வகுத்தால் 2.8. அரை மூட்டை, முக்கால் மூட்டை என்று கடையில் கிடைக்காது. எனவே 3 மூட்டை.